குகைக்குள் வௌவாலுக்கு மணி சொன்னது யார்?

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 62 வயசு. காலையில எந்திரிக்கவே மாட்டேங்கிறாங்க. பத்து மணி வரைக்கும் கட்டில், அப்புறம் பட்டாலையில உக்காந்து சுவத்தைப் பாக்குறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஓரளவு பேசுறாங்க, காபி கேக்குறாங்க. நோய்னா நாள் முழுக்க இருக்கணும்ல? சொந்தக்காரங்க நடிப்புங்கிறாங்க. ஒருத்தர் கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்றார்."

நடிப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் கல் மாதிரி கனப்பதும், பொழுது சாயச்சாயக் கொஞ்சம் லேசாவதும், விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்து அதன்பின் தூக்கம் பிடிக்காமல் புரள்வதும் மனச்சோர்வில் மருத்துவர்கள் வாயைத் திறந்து கேட்கிற கேள்விகள். நடிக்கிறவர் நாலு பேர் வந்துபோகும் சாயங்காலத்தில் அல்லவா நடிப்பார், யாரும் பார்க்காத காலை ஐந்து மணிக்கு யாருக்காக நடிக்க வேண்டும்? கோடாங்கி விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு கருத்துதான். ஏற்கெனவே தூக்கம் கெட்டுக் கிடக்கிற மனுஷியை நடுராத்திரியில் உடுக்கை முன்னால் உட்கார வைப்பதற்குப் பதில், அந்தக் காசில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும், அதற்கு மாத்திரை இருக்கிறது.

சரி, காலைக்கும் சாயங்காலத்துக்கும் ஏன் இந்த வித்தியாசம்? உயிர்க்கடிகாரம் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள், அதனால் வேகமாகத் தாண்டுகிறேன். மூளையின் அடிப்பக்கம், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் உள்ள ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. உடம்புச் சூடு, ஹார்மோன், பசி, தூக்கம் எல்லாவற்றுக்கும் நேரம் சொல்வது அதுதான். அதனுடைய நாள் 24 மணி நேரம் அல்ல, சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல். முகப்பில் மாட்டியிருக்கும் பழைய பெண்டுலம் கடிகாரத்தை ஐயா (தாத்தா) தினமும் சாவி கொடுத்து முள்ளைச் சரிசெய்வார் அல்லவா, அதுபோல இதையும் தினமும் திருத்தி வைக்க வேண்டும். விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம் பின்தங்கிவிடும்.

திருத்துகிற கை வெளிச்சம். கண்ணில் பார்ப்பதற்கென்று இருக்கும் அணுக்கள் போக, வெளிச்சத்தின் அளவை மட்டும் கணக்கெடுக்கிற தனி அணுக்கள் இருப்பதை 2002-இல் டேவிட் பெர்சன் குழு காட்டியது. அந்த அணுக்களில் இருக்கும் மெலனாப்சின் என்ற நிறமியை 1998-இல் முதன்முதலில் கண்டுபிடித்தது தவளைத் தோலில். யாருக்குத் தெரியும், தவளைத் தோலைச் சுரண்டப்போய் மனிதத் தூக்கத்தின் சாவி கிடைக்குமென்று! இந்த அணுக்கள் கொஞ்சநஞ்ச வெளிச்சத்துக்கு மசியாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்: வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ், திறந்தவெளி நிழலில் ஆயிரக்கணக்கில், டியூப்லைட் போட்ட கூடத்தில் சில நூறு. கைபேசியில் ஒரு லக்ஸ் செயலியைப் போட்டுக்கொண்டு பள்ளத்தூரில் எங்கள் ஆயா (பாட்டி) வீட்டில் அளந்து பார்த்தேன். துல்லியமான கருவி இல்லைதான். ஆனாலும் இரட்டை அறையின் உள்பக்கம் 40-ஐத் தாண்டவில்லை, வளவில் வானம் தெரிகிற இடத்தில் காலை ஏழரைக்கு ஆறாயிரத்துச் சொச்சம். சாமான் வைக்கக் கட்டிய அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, வீட்டுக்கு நடுவில் வானத்தையே இறக்கி வைத்திருக்கும் இடத்துக்கு வராமல் இருந்தால் கடிகாரம் என்ன செய்யும்?

இதுவரை எல்லாரும் சொல்வது. ஆனால் மனச்சோர்வை "நடமாட்டம் குறைந்த நோய்" என்று நினைத்துக்கொண்டால் பாதிதான் புரியும். கையில் கட்டுகிற பட்டைகள் வந்தபிறகுதான் மீதி தெரிந்தது. அந்தப் பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் சீப்பு ஒன்று இருக்கிறது, கை அசைந்தால் அதன் பற்கள் ஆடும், அந்த ஆட்டம் மின்சாரமாகப் பதிவாகும். அந்தக் கணக்கிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு எண்களை எடுக்கிறார்கள். நாளிலேயே அதிகம் அசைந்த தொடர்ச்சியான 10 மணி நேரத்தின் சராசரி, மிகக் குறைவாக அசைந்த 5 மணி நேரத்தின் சராசரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, பகல் 40, ராத்திரி 2 என்றால் 38-ஐ 42-ஆல் வகுத்து 0.9. பகல் 15, ராத்திரி 5 என்றால் 10-ஐ 20-ஆல் வகுத்து 0.5. இரண்டாவது ஆள் பகலில் குறைவாக அசைகிறார் என்பது மட்டுமல்ல, ராத்திரியில் அதிகமாகவும் அசைகிறார். மலை இடிந்து பள்ளத்தை மூடிவிட்டது. 2018-இல் பிரிட்டனில் 91,105 பேருடைய பட்டைக் கணக்கை வைத்துப் பார்த்ததில், இந்த எண் குறைந்தவர்களுக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வந்திருப்பதற்கான வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அதாவது போனது நடை மட்டுமல்ல, பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசமே போயிருக்கிறது.

எது முதலில், முட்டையா கோழியா என்று கேட்பீர்கள். மேலே சொன்ன ஆய்வு அதைச் சொல்லாது. 2019-இல் மரபணுவை வைத்து ஒரு தந்திரம் செய்தார்கள். கொஞ்சம் கூடுதலாக அசையும் சுபாவத்தோடு பிறந்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவா என்று பார்த்தார்கள், குறைவுதான். தலைகீழாகப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. இதில் வேடிக்கை, பட்டை அளந்த அசைவுக்குத்தான் இந்த முடிவு கிடைத்தது, "நான் இவ்வளவு நடக்கிறேன்" என்று ஆட்களே எழுதிக்கொடுத்த கணக்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நடந்த கணக்கை நாம் எப்படிச் சொல்வோம் என்று நமக்குத் தெரியாதா!

இன்னொரு ஆய்வை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. 2013-இல் வெளியானது. இறந்தவர்களின் மூளையில் ஆறு இடங்களில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்த்து, ஒவ்வொருவரையும் அவர் இறந்த மணிப்படி வரிசையில் வைத்தார்கள். ஒவ்வொரு மூளையும் நின்றுபோன ஒரு கடிகாரம். எல்லாவற்றையும் வட்டமாக அடுக்கினால் ஒரு முழுநாள் ஓடுகிறது. மனச்சோர்வு இல்லாமல் வாழ்ந்தவர்களின் மூளையில் அந்த ஓட்டம் தெளிவாகத் தெரிந்தது, மரபணுவைப் பார்த்தே இறந்த மணியை ஏறத்தாழச் சொல்லிவிட முடிந்தது. மனச்சோர்வோடு வாழ்ந்தவர்களின் மூளையில் அலை மங்கி, மணி குழம்பிக் கிடந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவு நேரம் ஓடிவந்தேன். வெளிச்சமே இல்லாத இடத்தில் கடிகாரத்தை யார் திருத்துவது? இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வந்தது நம் பக்கத்து மதுரையிலிருந்து. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரனும் மாரிமுத்துவும் மற்றவர்களும் சேர்ந்து 1981-இல் எழுதியது. பூச்சி பிடித்துத் தின்னும் இலைமூக்கு வௌவால்கள் வாழும் குகை. உள்ளே போகப்போகக் கும்மிருட்டு, பகலும் ராத்திரியும் ஒன்று, சூட்டிலும் பெரிய மாற்றம் கிடையாது. அங்கே ஒரு வௌவாலைக் கூண்டில் போட்டு, அது எப்போது படபடக்கிறது என்று பதிவு செய்தார்கள். அதற்கு வெளியே போக வழியில்லை, வானம் தெரியாது, அந்தி எப்போது என்று தெரிய வேண்டிய நியாயமே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தி நேரத்துக்குச் சரியாக அது பறக்கத் தவித்தது. நாள் கணக்கில் பார்த்தும் பிசகவில்லை.

அடுத்து, வௌவால் கூட்டமே இல்லாத குகைக்கு இதே மாதிரிக் கூண்டைக் கொண்டுபோனார்கள். அதே இருட்டு. அங்கே தனியாக விடப்பட்ட வௌவாலின் கடிகாரம் ஓடத்தான் செய்தது, ஆனால் வெளி உலகத்தோடு ஒட்டாமல், தன் போக்கில், நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே போனது. இரண்டு குகைக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்று. முதல் குகையில் சாயங்காலம் ஆனால் மற்ற வௌவால்கள் கிளம்பும், விடியும்போது திரும்பி வரும். கூண்டுக்குள் இருந்தது அந்தச் சிறகுச் சத்தத்தையும் போக்குவரத்தையும் வைத்தே நேரம் பிடித்துக்கொண்டது. ஊரார் புறப்படுகிற சந்தடிதான் அதற்குச் சூரியன்.

அந்த இருட்டில், எச்ச நாற்றத்தில், ராத்திரி பகலாக உட்கார்ந்து வௌவால் படபடப்பை எண்ணியவர்களைப் பார்த்து "இதுக்கா சர்க்கார் காசு?" என்று கேட்டவர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள், "இதனால் என்ன பயன், இரண்டு வருஷத்தில் காட்டு" என்கிறார்கள். பயன் எது என்று முன்கூட்டித் தெரிந்தால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, டெண்டர். அழகப்பர் காரைக்குடியில் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டுவந்தபோது, இன்ன பேட்டரி இன்ன தேதியில் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டா கொடுத்தார்? நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இன்று இப்படி ஒரு குகை வேலைக்கு விண்ணப்பம் போட்டால் முதல் மேசையிலேயே நின்றுவிடும் என்பது என் சொந்தக் கருத்து, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

மனிதர் வௌவால் இல்லை, நமக்கு முதல் சாவி வெளிச்சம்தான். ஆனாலும் 1988-இல் ஏலர்ஸ், ஃபிராங்க், குப்ஃபர் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நம்மை எழுப்புவதும் சாப்பிட வைப்பதும் வெளியே அனுப்புவதும் மற்ற மனிதர்கள். ஒரு சாவோ பிரிவோ வரும்போது ஆள் மட்டும் போவதில்லை, அவரோடு சேர்ந்து நாளின் ஆணிகளும் பிடுங்கப்படுகின்றன, அதில் சிலருக்குக் கடிகாரம் குலைந்து மனச்சோர்வில் கொண்டுபோய் விடுகிறது என்பது அவர்கள் வாதம். எல்லா மனச்சோர்வும் இப்படித்தான் வருகிறது என்று சொல்ல வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆயாதான் நினைவுக்கு வந்தார். ஐயா இருந்தவரைக்கும் நாலரைக்கு எழுந்து பால் காய்ச்சி, ஐந்துக்கு ஐயாவுக்குக் காபி, ஐந்தரைக்குக் கோலம், ஏழுக்கு இட்லி, பதினொன்றுக்கு மோர், நாலு மணிக்கு மறுபடி காபி. ஐயா போனபிறகு பசும்பாலும் கோலமாவும் இருந்தன, காபி கேட்க ஆள் இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அறுபது தூண் வீட்டில் ஒரே ஆள். ஏன் எந்திரிக்கவில்லை என்று கேட்டதற்கு, "அவுக இருந்தா எந்திரிப்பேன், இப்ப யாருக்கு எந்திரிக்க?" என்றார். அப்போது எனக்கு அது ஏக்கப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், துல்லியமான உடலியல்.

இந்த அறிவை வைத்து என்ன செய்வது? "எந்திரிச்சு நாலு எட்டு நடங்க, சரியாயிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கால் உடைந்தவரை ஓடச் சொல்வது அது. 2017-இல் வெளியான கோவா ஆய்வில் வேறு வழி பார்த்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஊர்க்காரர்கள், மனச்சோர்வு கடுமையாக இருந்தவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசி, நாளுக்குள் சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யச் செய்ய மனசு பின்னால் வரட்டும் என்பது அதன் தத்துவம். மொத்தம் 495 பேர். மூன்று மாதத்தில், இது கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு மாத்திரைதான், அதை இதை வைத்து நிறுத்திவிடாதீர்கள். சாகலாம் போலிருக்கிறது என்கிற பேச்சு வந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். இன்னொன்று, சோர்ந்து கிடந்தவர் திடீரென்று தூக்கமே இல்லாமல் ராத்திரி பகலாக ஓடியாடிக் காசை வாரி இறைத்தால் குணமாகிவிட்டார் என்று சந்தோஷப்படாமல் உடனே மருத்துவரிடம் போங்கள், அது வேறு நோயின் மறுபக்கமாக இருக்கலாம்.

அம்மாவுக்கு என்று கேட்டால், மருத்துவரைப் பார்த்த கையோடு, காலையில் ஒரே நேரத்தில் யாராவது ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டும்படி ஏற்பாடு செய்யுங்கள் என்பேன். பால்காரர், பூக்காரம்மா, பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாரானாலும் சரி. காபியை அறைக்குள் கொண்டுபோய்க் கொடுக்காமல் வளவில் வைத்துக் கொடுங்கள்.

ஆயாவுக்குக் காரைக்குடியில் ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். சிங்கப்பூர்ப் பேரன் கையில் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான், ஆயா அதைக் கோயில் கயிறு மாதிரி கழற்றுவதே இல்லை. முதல் இரண்டு மாதக் கணக்கைக் கணக்கு நோட்டின் கட்டத்தாளில் போட்டுப் பார்த்தேன், கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அப்புறம் அடுத்த தெருவிலிருந்து கல்லூரி போகிற ஒரு பெண், ஓலைக் கொட்டான் முடையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று காலை ஏழு மணிக்கு வர ஆரம்பித்தாள். அவள் வருவதற்குள் ஓலையை நனைத்து வைக்க வேண்டுமே, ஆயா ஆறுக்கு எழுந்தார். மாத்திரையா, ஓலையா, வளவு வெளிச்சமா, எது எவ்வளவு என்று ஒற்றை ஆளை வைத்துச் சொல்ல முடியாது. கோடு மெல்ல மேலே ஏறியது. அந்தப் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கோடு மட்டும் இன்றைக்கும் மதியம் வரைக்கும் தரையில்தான் கிடக்கிறது.