அக்கி தடுப்பூசியும் ஓர் இரவுக் காய்ச்சலும்

காலை பதினொரு மணிக்கு இடது தோளில் ஊசி போட்டுக்கொண்டேன். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் வரை ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி எட்டரைக்குச் சட்டையைக் கழற்றப் போனால் கை மேலே எழும்பவில்லை. ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கிடந்தது, தொட்டால் சுட்டது. பத்து மணிக்குக் குளிர ஆரம்பித்தது. இரண்டு போர்வைக்குள்ளும் பல் தந்தியடித்தது. நள்ளிரவில் தெர்மாமீட்டர் 101 டிகிரி காட்டியது. இடுப்பு, முழங்கால், தாடை என்று உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி. மறுநாள் முழுக்கப் படுக்கைதான். அதற்கு அடுத்த நாள் காலையில் கண் விழித்தபோது எதுவுமே நடக்காத மாதிரி உடம்பு லேசாக இருந்தது. அக்குளில் மட்டும் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அது வடியப் பத்து நாள் ஆயிற்று.

நான் போட்டுக்கொண்டது அக்கிக்கான தடுப்பூசி, ஷிங்ரிக்ஸ். இரண்டு ஊசியாகப் போட வேண்டியதில் இது முதலாவது. அதில் உயிருள்ள கிருமி கிடையாது, செத்த கிருமியும் கிடையாது. கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதம் மட்டும் இருக்கிறது, அதுவும் 50 மைக்ரோகிராம். அப்படியானால் இந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது? படுத்துக் கிடந்த அன்று முழுக்க என்னைக் குடைந்த கேள்வி இதுதான். பதிலைத் தேடிக்கொண்டே போனால், அது சிறு வயதில் வந்துபோன சின்னம்மையில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

வந்துபோனது என்கிறோம். உண்மையில் அது போவதில்லை. கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்த பிறகும், வாரிசெல்லா ஜோஸ்டர் என்ற அந்த வைரஸ் முதுகெலும்பை ஒட்டியும் மண்டையோட்டுக்குள்ளும் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. முப்பது, நாற்பது, ஐம்பது வருஷம்கூட அங்கே சத்தமில்லாமல் கிடக்கும். ஏதோ ஒரு முடிச்சில் அது விழித்துக்கொண்டால், அந்த முடிச்சிலிருந்து கிளம்பும் நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வருகிறது. ஒவ்வொரு முடிச்சின் நரம்பும் உடம்பின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டை அளவு தோலைத்தான் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் அக்கி ஒரு பக்கமாக, பட்டை போட்டாற்போல வருகிறது. ஜோஸ்டர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு இடுப்புப் பட்டை என்றே பொருள்.

என் அக்காவுக்கு வந்தபோது இதையெல்லாம் கண்ணால் பார்த்தேன். முதல் மூன்று நாள் தோலில் ஒன்றுமே இல்லை. இடது விலாவில் எரிச்சல் மட்டும். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தாள், அப்புறம் இதயமோ என்று பயந்தாள். நான்காம் நாள் முதுகுத்தண்டிலிருந்து மார்பின் நடு வரைக்கும் வரிசையாகக் கொப்புளங்கள் கிளம்பின. நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. கொப்புளங்கள் மூன்று வாரத்தில் ஆறிவிட்டன. வலி ஆறவில்லை. ஐந்து மாதம் கழித்தும், மேலே துணி உரசினால் தீக்குச்சி பட்டதுபோலத் துடிப்பாள். நரம்பே சேதமாகிவிடுவதால் தங்கிவிடும் வலி இது. அக்கி வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது இப்படி நீள்கிறது. வயது கூடக் கூட இந்த வாய்ப்பும் கூடுகிறது.

பழைய வைரஸ்தான் விழிக்கிறது என்பதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் எட்கர் ஹோப்-சிம்சன், இங்கிலாந்தின் சைரன்ஸெஸ்டர் ஊரின் குடும்ப மருத்துவர். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் விடாமல் குறித்துவைத்து, 1965இல் தன் கருத்தை வெளியிட்டார். வைரஸ் உள்ளேயே இருக்கிறது, உடம்பின் எதிர்ப்பு அதை அமுக்கி வைத்திருக்கிறது, வயதாக ஆக அந்தப் பிடி தளர்கிறது என்றார். நோட்டுப் புத்தகமும் பொறுமையும் கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு தூரம் பார்த்துவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, தளர்வது எந்தப் பிடி? நாம் அடிக்கடி கேள்விப்படும் ஆன்டிபாடிகள் இல்லை. எழுபது வயதுக்காரரின் ரத்தத்திலும் இந்த வைரஸுக்கான ஆன்டிபாடி போதிய அளவு இருக்கும். குறைவது டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள், குறிப்பாக இந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள். வைரஸ் தலைதூக்கும் செல்லைக் கண்டுபிடித்து அங்கேயே அமுக்குவது அவற்றின் வேலை. ஆகவே அக்கி தடுப்பூசி என்பது புதிதாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அசந்துவிட்ட காவல்காரர்களைத் தட்டி எழுப்பினால் போதும். ஆனால் வயதான உடம்பில் அவ்வளவு சுலபமாக அவர்களை எழுப்ப முடிவதில்லை.

2006இல் வந்த ஜோஸ்டாவாக்ஸ் என்ற தடுப்பூசி பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸைக் கொண்டு இதைச் செய்யப் பார்த்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் அக்கி 51% குறைந்தது. 70ஐத் தாண்டியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 38%தான். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் அது சோர்ந்துபோனது. உயிருள்ள வைரஸ் என்பதால், எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு அதைப் போடவும் முடியவில்லை.

2017இல் வந்த ஷிங்ரிக்ஸ் வேறு வழியில் போனது. ஊசி போடுவதற்குமுன் செவிலியர் இரண்டு குப்பிகளை எடுத்து வைத்ததைக் கவனித்தேன். ஒன்றில் வெள்ளைத் தூள், இன்னொன்றில் லேசாகக் கலங்கிய திரவம். திரவத்தை உறிஞ்சித் தூளில் விட்டு, மெல்ல அசைத்துக் கரைத்தார். தூளில் இருப்பது அந்தப் புரதம். கிளைகோபுரோட்டீன் ஈ என்று பெயர். திரவத்தில் இருப்பதுதான் என்னைப் படுக்கையில் தள்ளியது. ஏஎஸ்01பி என்ற ஊக்கி அது, உடம்பின் எதிர்ப்பைத் தூண்டிவிடச் சேர்க்கும் பொருள்.

அந்த ஊக்கியில் இரண்டு சரக்கு. ஒன்று, சால்மொனெல்லா பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்பிலிருந்து நச்சை நீக்கி எடுத்தது. பாக்டீரியா புகுந்துவிட்டது என்று உடம்பு காலங்காலமாக அடையாளம் கண்டுவரும் மூலக்கூறு இது. உண்மையில் எந்தப் பாக்டீரியாவும் இல்லை, ஆனாலும் மணி அடித்துவிடுகிறது. இன்னொன்று, சிலி நாட்டில் வளரும் கில்லாஜா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் சாப்போனின். பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் கசக்கினால் நுரைக்கிறதே, அதே வகைப் பொருள். தனியாக விட்டால் செல்களின் சவ்வையே கரைக்கும் என்பதால், கொலஸ்ட்ரால் கலந்த நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் கட்டிப்போட்டுத் தருகிறார்கள்.

இப்போது அந்த இரவுக்குத் திரும்பலாம். ஊசி தசைக்குள் இறங்கியதும் அங்கே எதிர்ப்பு செல்கள் கூடுகின்றன, ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம் மூன்றும் அதனால். ஊக்கியின் ஒரு பகுதி சில மணி நேரத்திலேயே அக்குளின் நிணநீர் முடிச்சுகளைப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே டென்ட்ரிடிக் செல்கள் என்ற வேவுக்கார செல்கள் புரதத்தை எடுத்து, தூங்கிக்கொண்டிருக்கும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. அடையாளம் கண்ட டி செல்கள் மளமளவெனப் பெருகுகின்றன. நெறி கட்டியது இந்தக் கூட்டத்தால்தான். இந்தக் களேபரத்தில் எதிர்ப்பு செல்கள் வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சேதி கொண்டுபோகின்றன. மூளை உடம்பின் வெப்ப அளவை 98.6லிருந்து 101க்கு ஏற்றி வைக்கிறது. உடம்பு இன்னும் 99இல் இருக்கும்போது அந்தப் புதிய அளவை எட்ட வேண்டுமல்லவா? அதற்காகத் தசைகளை உதறவிட்டுச் சூட்டைக் கிளப்புகிறது. காய்ச்சல் ஏறும்போது குளிர்வது இதனால்தான். மூட்டுவலி, அசதி, தலைவலி எல்லாமே அதே சைட்டோகைன்களின் வேலை.

இந்த இரவு எனக்கு மட்டும் வந்ததில்லை. 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த சோதனைகளில் போட்ட இடத்தில் வலி 78% பேருக்கு, தசைவலியும் அசதியும் தலா 45% அளவில், காய்ச்சல் 21% அளவில் இருந்தன. அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவுக்குப் படுத்தியது ஏறக்குறைய ஆறில் ஒருவரை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தணிந்துவிடுகிறது. ஊசி போட்டபோது எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நள்ளிரவில் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மறுநாள் வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் இருந்திருப்பேன்.

கிடைத்த பலன் இது. 18 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து, மூன்று வருஷத்துக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். வெற்று ஊசி போட்டவர்களில் 210 பேருக்கு அக்கி வந்தது. தடுப்பூசி போட்டவர்களில் 6 பேருக்கு. 97% பாதுகாப்பு. 70ஐத் தாண்டியவர்களிடமும் அது 90% அளவில் நின்றது. சோதனைக்கு வெளியே, நிஜ வாழ்க்கையில் பார்த்தால் எண்கள் இறங்குகின்றன. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களின் காப்பீட்டுப் பதிவுகளில் இரண்டு ஊசிக்கு 70%, ஒரே ஊசியோடு நின்றவர்களுக்கு 57%.

என் பெரியப்பாவுக்கு 78 வயது. அவருக்குத் தோளில் சின்ன வலி மட்டும். "எனக்கு ஒண்ணுமே பண்ணலையேப்பா, ஊசி வேலை செய்யலையோ?" என்று கவலையாகக் கேட்டார். அப்படி இல்லை, பெரியப்பா என்று கணக்கைச் சொன்னேன். காய்ச்சல் வந்தது ஐந்தில் ஒருவருக்கு, காப்பாற்றியது கிட்டத்தட்ட எல்லாரையும். காய்ச்சல் இல்லாதவர்களின் டி செல்களும் விழித்திருந்தால்தான் இந்தக் கணக்கு வரும். இளையவர்களைவிட 70ஐத் தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு குறைவாகவே இருக்கிறது என்பதும் சோதனைகளில் தெரிந்ததுதான்.

அலட்சியம் செய்யக்கூடாதவையும் உண்டு. போட்ட சில நிமிடங்களில் முகமோ தொண்டையோ வீங்கினால், மூச்சு திணறினால் அது ஒவ்வாமை, அவசரம். அதற்காகத்தான் கால்மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அடுத்த ஆறு வாரத்துக்குள் கால் மரத்து, பலம் குறைந்து, அது மேல்நோக்கி ஏறினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கீலன்-பாரே என்ற நரம்பு நோயாக இருக்கலாம். 65ஐத் தாண்டியவர்களில் பத்து லட்சம் ஊசிக்கு மூன்று பேர் அளவில் இது கூடுதலாக வரக்கூடும் என்று கணக்கிட்டு, 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை சேர்த்தது.

முதல் இரவு பட்ட பாட்டில் இரண்டாவது ஊசியே வேண்டாம் என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். முதல் ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டாவதற்கும் வரும் என்று அர்த்தமில்லை. இரண்டுக்கும் நடுவே இரண்டிலிருந்து ஆறு மாதம் இருக்க வேண்டும். தள்ளிப்போனாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. காய்ச்சலோ வலியோ வந்தபின் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். வருவதற்கு முன்பே போட்டுக்கொள்வதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டாவதைப் போட்டுக்கொண்டேன். தலைமாட்டில் இரண்டு போர்வையும் மாத்திரையும் எடுத்துவைத்துப் படுத்தேன். தோள் மட்டும் இரண்டு நாள் கடுத்தது. அக்கி வந்தவர்களும் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பதால் அக்காவும் போன மாதம் முதல் ஊசி போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை போன் செய்தாள். "ராத்திரி முழுக்கக் குளிருடா. அக்குள்ல கட்டி மாதிரி இருக்கு." நெறிதான் கட்டியிருக்கு, வலது கையா, இடது கையா என்று கேட்டேன். போட்ட கைதான் என்றாள்.