எக்ஸ்ரேயில் துணி தெரியாது

பழனி மலையடிவாரத்தில் அறுவைச் சிகிச்சை செய்யும் எனக்கு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர்ப் பக்கத்துத் துப்பாக்கிக் காயம் எதுவும் அந்தப் பெயரோடு வந்ததில்லை. வேலிக்கம்பி குத்திவிட்டது என்பார்கள். எக்ஸ்ரே எடுத்தால் தொடைக்குள் பால்ரஸ் என்னும் சிறு இரும்புக் குண்டுகள் வரிசையாக மின்னும். அப்படி வந்த ஒரு காப்பித் தோட்டக்காரர், கல் வேலியைத் தாண்டும்போது தம் துப்பாக்கியே வெடித்ததை மறைத்து, காயத்தில் காப்பித்தூளை அப்பி இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்திருந்தார்.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட நாட்டுத் துப்பாக்கி வேண்டும் என்கிறார்கள் விவசாயிகள்; கூடாது என்கிறார்கள் காட்டை நேசிப்பவர்கள். அந்தத் துப்பாக்கியில் குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியையோ தேங்காய் நாரையோ திணித்து, பால்ரஸ் அல்லது ஈயக் குண்டுகளைப் போட்டுக் கம்பியால் இடிக்கிறார்கள். ஒருமுறை இடித்துவிட்டால் சுடாமல் மருந்தை வெளியே எடுப்பது கடினம் என்பதால், பன்றி வராத இரவுகளில் அது நிரப்பிய நிலையிலேயே தோட்டத்துக் குடிசையான சாளையில் தொங்குகிறது. விடிந்தால் பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள். பன்றிக்கு முன்னால் வீட்டு மனிதர்கள்தான் அதன் எதிரே நிற்கிறார்கள் என்பது, இரு தரப்பு வாதத்திலும் நான் கேட்காத செய்தி.

விவசாயிகள் தரப்பில் சட்டமும் ஓரளவு இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென்றே வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழிசெய்கிறது. ஆனால் அந்த உரிமம் காட்டுவிலங்கைக் கொல்லும் அனுமதி ஆகாது; 1972-ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டம் தனியே குறுக்கே நிற்கிறது. பன்றிக்கென்று வாங்கியது கடமானுக்கும் நீளும் என்று காட்டை நேசிப்பவர்கள் அஞ்சுவதும் வீணான அச்சமன்று.

காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025-இல் தமிழக அரசு அறிவித்தது. பயிற்சி பெற்ற கையில் மட்டும் துப்பாக்கி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆயினும் காட்டை ஒட்டியே தோட்டம் வைத்திருக்கும் மலைக்காரருக்கு அந்த 3 கிலோமீட்டரால் ஒரு பயனும் இல்லை. அவர் கள்ளத்துப்பாக்கியைத் தேடுவது அங்கேதான் தொடங்குகிறது. பயிர் இழப்பீடு கையில் சேராதவரை பறிமுதல் மட்டும் போதாது என்பதே என் கருத்து.

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உடல், மன நலச் சான்றிதழைக் கேட்கின்றன. அதில் கையெழுத்து வாங்க வருபவரிடம் குடிப்பழக்கத்தையும், வீட்டில் எத்தனை சிறுவர்கள் என்பதையும், துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பார் என்பதையும் கேட்கிறேன். இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இவ்வளவு கேள்வியா என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு.

காயம்பட்டவர்கள் கேஸுக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம். போலீசுக்குத் தகவல் போகும், அதை நான் மறைக்க முடியாது. ஆனால் சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதில்லை. எதையும் அப்பாமல், சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக்கொண்டு அன்றே மலையிறங்குங்கள். குழலில் என்ன திணித்திருந்தீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். மூட்டுக்குள் தங்கிய ஈயம் கரைந்து இரத்தத்தில் கலக்கும் என்பதால் அதை எடுத்தாக வேண்டும். தசையில் தங்கிய பால்ரஸைப் பல நேரம் அப்படியே விட்டுவிடலாம். உள்ளே போன துணியும் நாரும்தான் சீழ் பிடிக்க வைப்பவை. அவை எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.