குளிர்ந்த மடுவில் முதல் ஒரு நிமிடம்

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களில் பல ஆண்டுகளாக மருத்துவம் பார்த்து வருகிறேன். சங்கு குளிப்பவர்களின் காதுவலியும், பாசி எடுக்கும் பெண்களின் கைகால் புண்களுமே என்னிடம் அதிகம் வருபவை. எங்கள் தென்கடலும் வடகடலும் ஆண்டின் பெரும்பகுதி வெதுவெதுப்பாகவே இருப்பதால், குளிர்ந்த நீரின் ஆபத்தைப் பற்றி எழுத நேரும் என்று நான் நினைத்ததில்லை. விடுப்பில் வந்திருந்த ஓர் இளைஞர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்ப்பவர் அவர். யூட்டா மாநிலத்தில், வெள்ளம் அறுத்து உண்டாக்கிய குறுகலான மணற்பாறை இடுக்கு ஒன்றில் கயிறு கட்டி இறங்குவதற்கு நண்பர்கள் அழைத்துப் போயிருக்கிறார்கள். அழகான இடம், புதியவர்களுக்கும் ஏற்றது என்றார்களாம். வெளியே கொளுத்தும் வெயில். இவர் பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் அணிந்திருந்தார். கயிற்றின் அடியில் கழுத்தளவு மடு.

"மூச்ச இழுத்தேன் டாக்டரம்மா, விட முடியல. நம்ம கடல்ல ஒரு தடவகூட எனக்கு இப்படி ஆனதில்ல" என்றார். மூன்றாவது மடுவைக் கடந்தபோது, இடுப்புப் பட்டையில் கயிற்றைப் பிணைத்திருந்த கொக்கியின் திருகைத் திறக்க அவரால் முடியவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே மறுத்ததை என் மேசையின்மேல் கையை வைத்துக் காட்டினார். உடன் வந்த பெண் ஒருவர்தான் திறந்துவிட்டிருக்கிறார்.

'புதியவர்களுக்கு ஏற்றது' என்ற சொல்லை நம்மவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கயிற்றில் இறங்க வேண்டிய உயரம் குறைவு, நுணுக்கம் குறைவு என்பதைத்தான் அது பெரும்பாலும் குறிக்கிறது. நீரின் குளிரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இடுக்கின் அடியில் வெயில் படுவதே அரிது என்பதால் கோடையிலும் அந்த மடுக்கள் சில்லென்றே கிடக்கும். ஏறக்குறைய 15 டிகிரி செல்சியசுக்குக் கீழான நீரில் உடல் திடீரென அமிழ்ந்தால், நம் விருப்பமின்றியே பெருமூச்சு இழுபடும், மூச்சு தாறுமாறாக வாங்கும், இரத்த அழுத்தம் எகிறும். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் எவ்வளவு தேர்ந்த நீச்சல்காரருக்கும் நீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். குளிர்நீர் ஆய்வில் பெயர் பெற்ற கனடாப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், உறைநிலையை ஒட்டிய நீருக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்: மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் பயன்படும் நேரம் 10 நிமிடம், நினைவு தப்புவதற்கு முன் ஏறக்குறைய 1 மணி நேரம். மடுக்களின் நீர் அவ்வளவு குளிராக இல்லாவிட்டாலும் பாதிப்பு வரும் வரிசை இதுதான். ஆகவே குதிக்காமல், முகத்தை மேலே வைத்துக்கொண்டு மெல்ல இறங்கி, மூச்சு சீராகும் வரை சுவரைப் பிடித்தபடி நிற்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளமும் மணலை இடம் மாற்றுவதால் சென்ற முறை ஆழமாக இருந்த மடு இம்முறை முழங்காலளவே இருக்கலாம் என்பதும் குதிக்கக் கூடாததற்கு இன்னொரு காரணம். இதய நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே வேண்டாம்.

குளிரைவிடக் கொடியது வெள்ளம். நம் தலைக்குமேல் ஒரு துளியும் விழாதபோது, மேற்கே வருசநாட்டு மலையில் பெய்த மழை வைகை வழியாக இராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்வதை நாம் பார்த்திருக்கிறோம். அங்கேயும் அப்படித்தான், ஆனால் அந்த நீருக்குப் பரவ வயலோ கண்மாயோ இல்லை, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே மட்டும்தான் வழி. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனா மாநிலத்தின் ஆண்டிலோப் கேன்யன் என்ற பாறை இடுக்கில், தொலைவில் பெய்த மழையின் வெள்ளத்தால் 11 பேர் இறந்தார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டாவில் உள்ள சயான் தேசியப் பூங்காவின் கீஹோல் கேன்யனில் இறங்கி வெள்ளத்தில் சிக்கிய 7 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதுவும் எளியது என்று பெயர் பெற்ற இடம்தான். முதல் இறக்கத்தில் கயிற்றை உருவிய பிறகு மேலே திரும்ப வழி கிடையாது என்பதால், முடிவை வாசலிலேயே எடுத்துவிட வேண்டும். கச்சான் காற்றின் போக்கைப் பார்த்து வலையைக் கரையிலேயே வைத்துவிடும் நம் பெரியவர்களை யாரும் கோழை என்று சொன்னதில்லையே!

குளிரில் ஒருவருக்கு நாக்குக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ உடனே கவனியுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று மந்தமானால் அது தேறுதல் அல்ல, உடல் தோற்கத் தொடங்கியதன் அறிகுறி. அவரை நடக்க விடாமல் படுக்கவைத்து, ஈர உடையைக் களைந்து, தலையோடு சேர்த்துப் போர்த்தி உதவிக்கு அழைக்க வேண்டும். முழு நினைவோடு விழுங்க முடிந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் தரலாம், மது கூடாது. கைகால்களைப் பரபரவென்று தேய்ப்பது நம் வீடுகளில் எல்லோரும் செய்வது. அதையும் இங்கே செய்யக் கூடாது.

அந்தத் தம்பி அடுத்த கோடையில் மீண்டும் போகிறார். குளிர்நீரில் உடல் சூட்டைக் காக்கும் நியோபிரீன் என்ற ரப்பர் உடை வாடகைக்குக் கிடைக்கிறதாம். இப்போதே தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, கொக்கியின் திருகைக் கண்ணை மூடித் திறந்து பழகுவதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் சொன்னார்.