பழைய லேண்ட் குரூசர் வாங்குமுன் பெல்ட்டைப் பற்றிக் கேளுங்கள்

போன வாரமும் ஒன்று வந்தது. 2004 மாடல் லேண்ட் குரூசர் 100 சீரிஸ், வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். ஓமானில் சலாலா போகிற வழியில், ஹைமா என்ற ஊருக்கு முன்னால் நடுரோட்டில் நின்றுவிட்டது. ஜூலை வெயில், உள்ளே இரண்டு சின்னப் பிள்ளைகள். ரெக்கவரி வண்டியில் ஷார்ஜாவுக்கு என்னிடம் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கிற பட்டை, அறுந்து கிடக்கிறது. இந்தக் கோடையில் இது 3-வது வண்டி.

"அண்ணே, மீட்டர்ல 90,000தானே காட்டுது? பெல்ட் ஒன்றரை லட்சம் வரைக்கும் தாங்கும்னாங்களே!"

இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பெல்ட் என்பது ரப்பர். ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் காயும். 100 சீரிஸ் 2007-லேயே முடிந்துபோன மாடல். கடைசியாக வந்த வண்டியே 18 வயதைத் தாண்டிவிட்டது. வளைகுடா வெயிலில் அத்தனை வருஷம் கிடந்த ரப்பருக்கு மீட்டர் கணக்கு எதற்கு? அந்த மீட்டரும் உண்மை சொல்கிறதா என்பது வேறு.

சரி, எந்த இன்ஜின்? 4.5 லிட்டர் ஆறு சிலிண்டரைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, 4.7 வி8-தான் வேண்டும் என்கிறார்கள். வி8 அருமையான இன்ஜின்தான். ஆனால் ஆறு சிலிண்டரில் இந்த வேலையைச் செய்வது இரும்புச் செயின், வி8-ல் ரப்பர் பெல்ட். வி8-ல் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்று போகிற குழாய்) அடியில் இருக்கிறது. மேலே உள்ளதையெல்லாம் கழற்றினால்தான் கை போகும். கூலி அதிகமாவது அதனால்தான், மெக்கானிக் ஏமாற்றுகிறான் என்று நினைக்காதீர்கள்.

பெல்ட் மாற்றியதற்குப் பில் கேளுங்கள். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டை மட்டும் போட்டு மூடாதீர்கள். வாட்டர் பம்பைச் சுற்றுவதே அந்த பெல்ட்தான். பம்ப் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். பம்ப், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், அது ஓடுகிற புல்லி எல்லாம் சேர்த்தே மாற்றுங்கள். பின் சீட்டுக்கும் ஹீட்டர் உள்ள வண்டியில், இன்ஜினுக்குப் பின்னால் ஹோஸ்களைச் சேர்க்கும், 'T' வடிவ பிளாஸ்டிக் இணைப்புகளையும் மாற்றச் சொல்லுங்கள். பழசானால் தொட்டாலே பொடியாகும், இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் மொத்தமும் கொட்டிவிடும். டெம்பரேச்சர் முள் ஏறினால், அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் என்று ஓட்டாதீர்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

பிள்ளைகளோடு சலாலா கிளம்புகிறவர்கள், தயவுசெய்து ஒரு வாரம் முன்னாலேயே வண்டியைக் காட்டுங்கள். கிளம்புகிற அன்று காலையில் கொண்டுவந்தால் என்னால் ஆயில் மட்டும்தான் பார்க்க முடியும்.