டோக்கன் கொடுத்த பிறகு மெக்கானிக் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை என் ஒர்க் ஷாப்பில் ரிப்பேர் வேலை எடுப்பதில்லை. ஆனாலும் காலையில் ஷட்டரைத் திறந்து வைத்திருப்பேன். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று நிற்கும் நாள் அது. கோவையில் இந்தத் தொழிலுக்கு வந்து 22 வருடம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் அடுத்துச் சொல்வது இதுதான்: "பத்தாயிரம் டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டேன், ரேட்டும் பேசி முடிச்சாச்சு."

அப்புறம் நான் பார்த்து என்ன ஆகப் போகிறது? கிளட்ச் போயிருக்கிறது என்றால் அவர் முகம் சுண்டிப்போகும். விற்கிறவர் "பேசினது பேசினதுதான்" என்பார். பத்தாயிரம் போய்விடுமே என்று பயந்து, முப்பதாயிரம் ரூபாய் வேலை இருக்கும் வண்டியைத் தலையில் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு.

பேரம் என்றாலே "பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று கெஞ்சுவது, இல்லையென்றால் அடாவடியாகப் பாதி விலைக்குக் கேட்பது என்று நினைக்கிறோம். காரணமே சொல்லாமல் இருபதாயிரம் குறைக்கச் சொன்னால் அவர் ஏன் குறைக்க வேண்டும்? காரணம் நம் கையில் இருக்க வேண்டும். அதுவும் ரூபாய்க் கணக்கில் இருக்க வேண்டும்.

போன வருடம் பல்லடத்திலிருந்து மில் சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். டோக்கன் கொடுக்காமல் வந்த அபூர்வப் பிறவி. பெட்ரோலில் ஓடும் சின்னக் கார், சிங்கிள் ஓனர், 2017 மாடல் என்று சொல்லி 3,60,000 கேட்டிருக்கிறார்கள். ஓனரும் கூடவே வந்திருந்தார்.

நான் முதலில் பார்த்தது ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று. பதிவான தேதி 2017 ஜனவரி. தயாரான மாதம் 2016 நவம்பர். இரண்டும் ஆர்.சி.யிலேயே இருக்கும், ஆனால் யாரும் இரண்டாவதைப் பார்ப்பதில்லை. சந்தையில் "மாடல்" என்று எந்த வருடத்தைச் சொல்கிறோமோ அதை வைத்துத்தான் விலை. ஆக, பேச்சை ஆரம்பிக்கும் முன்பே வண்டிக்கு ஒரு வயது கூடிவிட்டது.

அப்புறம் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். அதில் 3118 என்று இருந்தது. 2018-ஆம் வருடம் 31-ஆவது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். பட்டன், அதாவது டயரின் மேல் பள்ள வரி, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ரப்பர் இறுகி ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது. நான்கும் மாற்ற 17,000. கிளட்ச் மிதித்தால் கல் மாதிரி, மேலே வந்துதான் பிடிக்கிறது. கிளட்ச் செட்டும் கூலியும் சேர்த்து 8,500. ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் டொக் டொக் என்று சத்தம், முன்சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கிறது, 5,000. பேட்டரி கடைசிக் காலத்தில் இருக்கிறது, 4,500. மொத்தம் 35,000.

நல்லதும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், பேக் கம்ப்ரஷன் இல்லை, அதாவது உள்ளிருந்து காற்றும் புகையும் தள்ளிக்கொண்டு வரவில்லை. சைலன்ஸரில் நீலப் புகை இல்லை. டிங்கரிங் வேலை எதுவும் நடக்கவில்லை, ஒரு இடத்தில்கூடப் பட்டி பார்க்கவில்லை. பானெட்டுக்குள் எஞ்சினுக்கு இருபுறமும் இருக்கும் ஏப்ரன் தகட்டில் கம்பெனி வெல்டிங் அப்படியே இருந்தது. மீட்டரில் 61,000 என்று காட்டுகிறது. பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் தேய்ந்த தேய்மானம் அதற்குப் பொருந்தியது. வாங்கக்கூடிய வண்டிதான்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். ஓனர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நான் என் தாத்தாவிடம் கற்றேன். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போவார். பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார். மாட்டை மட்டும் குறை சொல்ல மாட்டார். வளர்த்தவன் எதிரில் நிற்கிறான் இல்லையா? எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். கார்க்காரரும் அப்படித்தான். "என்னங்க இது, டப்பா வண்டிக்கு மூணரை லட்சமா?" என்று ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் வரும், விலை இறங்காது. "வண்டி நல்லா வச்சிருக்கீங்க. நான் எடுத்தா உடனே இந்த நாலு செலவு இருக்கு" என்று தாளை நீட்டினால் அவராலேயே மறுக்க முடியாது.

இன்னொன்றையும் கேட்கச் சொன்னேன். "புது வண்டி புக் பண்ணிட்டீங்களாண்ணா? எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு தர்றேன்னாங்க?" ஓனர் யோசிக்காமல் 2,90,000 என்றார். என்னைக் கேட்டால் அந்தப் பேச்சிலேயே முக்கியமான எண் அதுதான். அவருக்குக் கையில் இருக்கும் அடுத்த வழி அது. அதற்குக் கீழே நாம் போனால் அவர் ஷோரூமுக்கே கொடுத்துவிடுவார். அதே வருடம், அதே வேரியன்ட் வண்டியை ஆட்டோ கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில், என்ன விலை சொல்கிறார்கள் என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரித்தால் மேல் எல்லையும் தெரிந்துவிடும். இடைப்பட்ட தூரத்தில்தான் பேரம் நடக்கிறது. சூப்பர்வைசர் 2,98,000-இல் ஆரம்பித்தார். 3,12,000-க்கு முடிந்தது. செலவு 35,000-ஐயும் சேர்த்தால் 3,47,000. கேட்ட விலையைக் கொடுத்திருந்தால் இதே செலவோடு நான்கு லட்சத்தை நெருங்கியிருக்கும்.

"இன்சூரன்ஸ் ஃபுல் கவர் இருக்குங்க, அதுக்கே பதினைஞ்சாயிரம் ஆச்சு" என்று விலையைப் பிடித்து நிறுத்துவார்கள். அதில் பாதிதான் உண்மை. க்ளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் கழிவாகக் கிடைக்கும் போனஸ், அதிகபட்சம் 50 சதவீதம் வரை போகும், அது ஓனருடையது. வண்டியோடு வராது. பாலிசி உங்கள் பெயருக்கு மாறும்போது மீதி நாட்களுக்கான வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு தானாக வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி அப்படி இல்லை. 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவித்து மாற்ற வேண்டும். இதைச் சாதாரணமாக நினைத்து, மூன்றாவது மாதம் முட்டிக்கொண்டு வந்து, க்ளெய்ம் கிடைக்காமல் என் ஒர்க் ஷாப்பில் கைக்காசு கட்டியவர்கள் உண்டு.

ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால் "லோன் முடிச்சாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. பைனான்ஸ் கம்பெனி ஆட்சேபணை இல்லை என்று தரும் என்.ஓ.சி.யும், ஆர்.சி.யிலிருந்து அவர்கள் பெயரை எடுப்பதற்கான, கையெழுத்து போட்ட ஃபார்ம் 35-ம் கண்ணில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். 29, 30 என்ற இரண்டு ஃபார்ம் பெயர் மாற்றத்துக்கு. நிலுவை அபராதம் இருக்கிறதா என்று இ-செலான் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரியும். இருந்தால் விலையில் கழியுங்கள். பெயர் மாற்றத்தில் விற்கிறவருக்கும் பயம் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. "அடுத்த வாரமே பேர் மாத்திடறேன், நீங்களும் கூட வாங்க" என்று சொன்னதற்காக ஓனர் இரண்டாயிரம் விட்டுக்கொடுத்ததை என் எதிரிலேயே பார்த்திருக்கிறேன்.

வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைக்கும், குறிப்பாக டெல்லி வண்டி. அங்கே டீசல் வண்டிக்குப் பத்து வருடம், பெட்ரோலுக்குப் பதினைந்து என்று கெடு விழுந்த பிறகு நிறைய வண்டிகள் தெற்கே வந்தன. அங்கே ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டி.என். எண் வாங்கி முடிக்கும்போது மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கூட்டிப் பாருங்கள். பாண்டி வண்டிக்கும் இதே கணக்குதான். பதினைந்து வருடம் தாண்டிய வண்டியானால் பதிவைப் புதுப்பிக்கக் காருக்குக் குறைந்தது 5,000, பைக்குக்கு 1,000. பசுமை வரியும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்கு வண்டியைத் தயார் செய்யும் செலவும் தனி.

சில வண்டிக்குப் பேரமே கிடையாது. சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால், சீட் போல்ட்டில் துரு இருந்தால், கார்ப்பெட்டைத் தூக்கினால் புழுங்கிய வாடை அடித்தால், வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் மூழ்கிய வண்டிகளெல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? ஒரு லட்சம் குறைத்துத் தந்தாலும் வேண்டாம். ஒயரிங் ஒவ்வொன்றாகச் சாகும், எனக்கு வருமானம், உங்களுக்கு வேதனை.

கன்சல்டிங்கில் வாங்குவது தனிக் கலை. அவர்கள் நாளுக்குப் பத்துப் பேரிடம் பேசுகிறவர்கள், நாம் வாழ்க்கையில் இரண்டு முறை பேசுகிறோம். முதல் கேள்வியே "மாசம் எவ்வளவு கட்டுவீங்க?" என்றுதான் வரும். அதற்குப் பதில் சொல்லாதீர்கள். மூன்று லட்சத்தை 14 சதவீத வட்டியில் நான்கு வருடத்துக்குப் போட்டால் மாதம் சுமார் 8,200. ஐந்து வருடமாக்கினால் சுமார் 7,000. மாதம் 1,200 குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள், மொத்தத்தில் இருபத்தைந்தாயிரம் கூடப் போயிருக்கும். வண்டி விலை முதலில், லோன் அப்புறம். அதே மாதிரி "ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட் தனி" என்று மொத்த விலைக்கும் போட்டுக் காட்டினால் கணக்குக் கேளுங்கள். 2025 ஜனவரியில் வந்த அந்த 18 சதவீதம் பதிவு பெற்ற வியாபாரியின் லாபத்துக்கு மட்டும். ஓனரிடம் நேராக வாங்கினால் அதுவும் இல்லை.

நாளும் பேசும். மார்கழியில் நம் ஊரில் வண்டி எடுக்கிறவர்கள் குறைவு. தவிர, ஜனவரி பிறந்தால் நிற்கிற வண்டிக்கெல்லாம் ஒரு வயது கூடிவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் கன்சல்டிங்காரர் சுருதி இறங்கியிருப்பார். எனக்கு சாஸ்திரத்தில் நம்பிக்கை உண்டு, ஆனால் முப்பதாயிரம் குறைகிறது என்றால் மார்கழியில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு தை முதல் தேதி டெலிவரி எடுக்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பைக்குக்கும் இதேதான். செயின் ஸ்ப்ராக்கெட், ஃபோர்க் ஆயில் கசிவு, டயர் வருடம் மூன்றையும் பார்த்தாலே மூன்று நான்காயிரம் பேசலாம். காரோ பைக்கோ, விற்கிறவர் வீட்டுக்குப் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால் டீ குடித்துக்கொண்டே ஆறும் வரை உட்காருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் எஞ்சின் உண்மை பேசும்.

பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, மாட்டினால் ரொக்கத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். "கேஷா குடுத்தா குறைச்சுக்கறேன்" என்பவரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

பல்லடத்துக்காரருக்கு வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி நோட் எழுதியது என் ஒர்க் ஷாப் மேஜையில்தான். தேதியோடு மாலை 5.10 என்று நேரத்தையும் போடச் சொன்னேன். "இதெல்லாம் எதுக்குங்க?" என்று ஓனர் சிரித்தார். சூப்பர்வைசர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். அன்று இரவு எட்டு மணிக்கு ஓனர் எனக்கு போன் செய்தார். வழியில் சிக்னலைத் தாண்டியதற்கான அபராதம் அவர் மொபைலுக்கு வந்திருக்கிறது, நேரம் 5.40. நோட்டை போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்பினாராம். சூப்பர்வைசர் பத்தே நிமிடத்தில் கட்டிவிட்டார்.