ஜாவாவில் சொல் தேடலின் செலவுக் கணக்கு

ஜாவா நிரல் ஒன்றைக் கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) வாசிக்கும்போது, எதிர்ப்படும் ஒவ்வொரு பெயரும் மொழியின் சிறப்புச் சொல்லா, நிரல் எழுதியவர் தாமே வைத்த பெயரா என்று பார்த்தாக வேண்டும். ஜாவா 17 இன் இலக்கணத்தில் இஃப், வைல், கிளாஸ் போன்ற சிறப்புச் சொற்கள் மொத்தம் 51. பட்டியல் சிறியதுதான், ஆனால் ஒரே கோப்பில் இந்தக் கேள்வி ஆயிரக்கணக்கான முறை எழுகிறது. பெரும்பாலான முறை கிடைக்கும் விடை ‘இல்லை’ என்பதே. எந்தத் தரவு அமைப்பு சிறந்தது என்று ஆராய்வோர் பலர் இருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்கும் வேகத்தை மட்டுமே அளக்கிறார்கள். இல்லாத சொல்லை எவ்வளவு குறைந்த செலவில் விலக்குகிறோம் என்பதையும் அதே அக்கறையோடு அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வழக்கமான தேர்வு, ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண்ணாக மாற்றி அந்த எண் காட்டும் அறையில் வைக்கும் ஹேஷ்மேப் என்ற அட்டவணை. ‘இஃப்’ என்ற சொல்லை அது எப்படித் தேடுகிறது என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தின் எண் 105, இரண்டாம் எழுத்தின் எண் 102. முதல் எண்ணை 31 ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் 3357 கிடைக்கும்; இதுவே அச்சொல்லின் ஹேஷ் எண். மேப்பில் 128 அறைகள் இருந்தால், 128 ஆல் வகுத்த மீதியான 29 தான் அச்சொல்லுக்குரிய அறை. அந்த அறை காலியாக இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். வேறு சொல் இருந்தாலும், அதனுடன் சேமித்து வைத்த ஹேஷ் எண் முதலில் ஒப்பிடப்படும். எண்கள் ஒத்துப்போனால்தான் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் வேலை தொடங்கும். ‘இல்லை’ என்ற விடை இவ்வளவு எளிதாகக் கிடைப்பதே ஹேஷ்மேப்பின் பெரிய பலம்.

ஆனால் ஹேஷ் எண்ணைக் கணக்கிடச் சொல்லின் எல்லா எழுத்துகளையும் ஒருமுறை படித்தாக வேண்டும். எழுத்துத் தொடரைத் தாங்கும் ஸ்ட்ரிங் பொருள் அந்த எண்ணைத் தன்னுள்ளேயே நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது உண்மையே. எனினும் கோப்பிலிருந்து ஒவ்வொரு பெயரையும் வெட்டியெடுத்துப் புதிய ஸ்ட்ரிங்காக ஆக்கினால், அந்த நினைவு ஒவ்வொரு முறையும் வெறுமையாகவே தொடங்கும். அப்போது தேடலைவிடப் பொருளை உருவாக்குவதே பெரிய செலவாகிவிடக்கூடும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. ஜாவாவின் சிறப்புச் சொற்களில் மிக நீளமானது ‘சிங்க்ரனைஸ்டு’, ஆங்கிலத்தில் 12 எழுத்துகள். எந்தச் சிறப்புச் சொல்லிலும் பெரிய எழுத்து கிடையாது. ஆகவே 12 எழுத்தைத் தாண்டிய பெயரையும் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரையும், ஸ்ட்ரிங் எதுவும் உருவாக்காமல், ஹேஷ் கணக்கிடாமல் உடனே ஒதுக்கிவிடலாம். வகுப்புப் பெயர்கள் மரபாகவே பெரிய எழுத்தில் தொடங்குவதால், இந்த ஒரு சோதனையே கணிசமான வேலையைக் குறைத்துவிடும்.

மேப்பின் அளவிலும் ஒரு பொறி இருக்கிறது. 51 சொற்களுக்கு 51 என்றே கொள்ளளவு கொடுத்தால் ஜாவா அதை 64 ஆக உயர்த்திக்கொள்ளும். ஆனால் நிரம்பும் வரம்பு முக்கால் பங்கு, அதாவது 48. எனவே 49 ஆவது சொல் நுழையும்போது அட்டவணை 128 ஆக விரிவடைந்து, எல்லாச் சொற்களும் மறுபடி பங்கிடப்படும். ஜாவா 19 இல் வந்த, சொற்களின் எண்ணிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளும் முறை இந்தத் தவறைத் தவிர்க்கிறது. 51 சொற்களுக்கு இது பொருட்டல்ல.

10 லட்சம் சொற்களுக்குக் கணக்கு மாறுகிறது. சுருக்கிய சுட்டிகளை (நினைவக முகவரிகளை) பயன்படுத்தும் 64 பிட் ஹாட்ஸ்பாட் என்ற ஜாவா இயக்கியில், ஒரு சொல்லுக்கான பதிவைத் தாங்கும் ஹேஷ்மேப்பின் ஒரு கணு 32 பைட் பிடிக்கும். கணுக்களுக்கு மட்டும் 3.2 கோடி பைட், அறைகளுக்கு மேலும் ஏறத்தாழ 84 லட்சம் பைட். அதே சொற்களை வரிசைப்படுத்திய அணியில் வைத்தால் சுட்டிகளுக்கு 40 லட்சம் பைட் போதும். ஆனால் ஒவ்வொரு தேடலுக்கும் அதிகபட்சம் 20 ஒப்பீடுகள் தேவை, அவை நினைவகத்தின் வெவ்வேறு மூலைகளுக்குத் தாவிச் செல்பவை. சொற்களை வரிசை குலையாமல் மர வடிவில் வைக்கும் ட்ரீமேப்பின் கணு 40 பைட், அதாவது இடத்திலும் சிக்கனமில்லை. ஆயினும் ஒரே முன்னொட்டில் தொடங்கும் சொற்களையெல்லாம் வரிசையாக எடுக்க வேண்டுமென்றால் அதுவே பொருத்தம்; ஹேஷ்மேப்பால் அதற்கு உதவ முடியாது.

ஹேஷ்மேப்பின் வேகம் சொற்கள் நன்றாகப் பரவியிருப்பதையே நம்பியிருக்கிறது. பெரிய ஏ, சிறிய ஏ என்ற ஈரெழுத்துச் சொல்லுக்கும் இரண்டு பெரிய பி கொண்ட சொல்லுக்கும் ஹேஷ் எண் 2112 தான். இவ்விரண்டையும் அடுத்தடுத்து விருப்பப்படி கோத்தால், ஒரே ஹேஷ் எண் கொண்ட எத்தனை சொற்களை வேண்டுமானாலும் உண்டாக்கி ஒரே அறையில் திணிக்கலாம். இதனால் 2014 இல் வந்த ஜாவா 8, ஓர் அறையில் நெரிசல் மிகுந்தால், அட்டவணை போதிய அளவு பெரியதாக இருக்கும் நிலையில், அங்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும் சொற்களின் சங்கிலியை, விரைவாகத் தேடக்கூடிய சமநிலை மரமாக மாற்றுகிறது.

தமிழ்ச் சொற்களைத் திறவுகளாக (தேடுவதற்கான சொற்களாக) வைப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜாவா 9 முதல் லத்தீன் எழுத்துகள் மட்டும் உள்ள ஸ்ட்ரிங்கில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இரண்டு பைட் தேவை. ஆகவே ‘தமிழ்’ என்பதன் ஐந்து குறியீடுகளுக்குப் பத்து பைட் ஆகும். அதைவிட முக்கியமானது, ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்தோடு ஓர் ஒற்றைக் குறியீட்டைச் சேர்த்தும் எழுதலாம், ககரத்தோடு கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஜாவாவுக்கோ வேறு வேறு. ‘கொடி’யை ஒரு வடிவில் சேமித்து மறு வடிவில் தேடினால், மிக விரைவாகவும் முற்றிலும் தவறாகவும் ‘இல்லை’ என்ற விடை வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாவில் உள்ள நார்மலைசர் என்ற கருவியைக் கொண்டு ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் இது நேராது. ஒவ்வொரு தேடலுக்கும் அதற்காகச் சிறிது கூடுதல் நேரம் ஆகும்.