ஏற்கெனவே கையொப்பமிட்ட தாளும் நோட்டரி முத்திரையும்

நோட்டரியிடம் அடிக்கடி வரும் கோரிக்கை, வேறொருவர் வீட்டிலேயே கையொப்பமிட்டு அனுப்பிய தாளில் முத்திரை மட்டும் வைத்துத் தரவேண்டும் என்பதுதான். கையொப்பமிட்டவர் முதியவர், கொண்டுவந்திருப்பவர் அவருடைய மகன் என்று சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆயினும் மறுக்கத்தான் வேண்டும். 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஆவணம் எழுதிக்கொடுக்கப்பட்டதைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் அதிகாரத்தை நோட்டரிக்கு வழங்குகிறது. தன் முன் வராத ஒருவரின் கையொப்பத்துக்கு அவர் எதை வைத்துச் சான்றளிப்பது?

கையொப்பமிட்டவரே நேரில் வந்தால், அடையாள அட்டையைச் சரிபார்த்து, அது தம்முடைய கையொப்பமே என்று அவர் ஒப்புக்கொண்ட பின் சான்றளிக்கலாம். எனினும், நோட்டரியான என் முன்னிலையில் மீண்டும் ஒருமுறை கையொப்பமிடச் சொல்வதே என் வழக்கம். பிரமாணப் பத்திரத்துக்கு இதுவும் போதாது. அதில் கண்டவை உண்மை என்று அவர் நோட்டரியின் முன் உறுதிமொழி எடுக்க வேண்டும். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்து அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியுமானால், அதைப் படித்து விளக்கிய விவரத்தையும் அதிலேயே குறிப்பது நல்லது. நிரப்பப்படாத இடங்கள் உள்ள தாளில் முத்திரை விழவே கூடாது.

தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தில் இந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதலாக வேண்டும். நோட்டரி முன் எழுதிக்கொடுக்கப்பட்டு அவரால் சான்றளிக்கப்பட்ட பவர் பத்திரம் முறையாக எழுதிக்கொடுக்கப்பட்டதென்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 85ஆம் பிரிவு கூறியது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த அனுமானம் தொடர்கிறது. ஆகவே, பின்னாளில் பொய்யென்று மறுப்பவரே அதை நிரூபிக்கும் சுமையைத் தாங்க நேரிடும். அவ்வாறு சர்ச்சை எழும்போது முதலில் கேட்கப்படுவது, 1956ஆம் ஆண்டு நோட்டரிகள் விதிகளின்படி நோட்டரி பராமரிக்க வேண்டிய பதிவேடு. அதில் பதியாமல் முத்திரை வைத்துக்கொடுப்பவரிடம் கட்டணம் குறைவென்று போகிறவர்கள், அந்தத் தாளுக்குப் பின்னால் ஆதாரம் ஏதும் இல்லை என்பதை உணர்வதில்லை. கடமை தவறியதாக விசாரணையில் நிரூபணமானால், நோட்டரிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவின் கீழ் நோட்டரிகள் பட்டியலிலிருந்து அவர் பெயரையே அரசு நீக்கலாம்.

வர இயலாதவருக்கும் வழி உண்டு. நடமாட முடியாதவர் நோட்டரியின் தொழில் எல்லைக்குள் வசித்தால், நோட்டரியே பதிவேட்டுடன் அவர் இருக்குமிடம் செல்லலாம். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தை எழுதிக்கொடுத்துச் சான்று பெறலாம்; அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்.